எத்திணைக்கும் உரிய சிற்றுயிர்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில், பிசான நாற்றங்காலுக்கு விதை ஊறவைக்கும் நாளில், என் தந்தையார் ஒரு பொட்டலத்தைப் பிரித்து அதிலிருந்த வெண்பொடியை நீரிற் கரைத்தார். விதைநெல்லை நோய் அணுகாதிருத்தற்பொருட்டு எங்கள் ஊரார் பலரும் இப்பொழுது கைக்கொள்ளும் முறை அது. பொட்டலத்தின்மேல் 'சூடோமோனாஸ்' என்று அச்சிட்டிருந்தது. அதற்கு நான்கு நாள் முன்னர்த்தான், சோறு வடிக்கையில் கொதிகஞ்சி சரிந்து, என் பாட்டியாரின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிருந்தது. ஒரு வாரம் சென்றபின் மருத்துவமனையில் கட்டை அவிழ்த்தபொழுது துணியில் இளம்பச்சைக் கறை படிந்திருந்தது. இனிப்பும் அருவருப்பும் கலந்த ஒரு வாடை எழுந்தது. மருத்துவர் கறையை உற்று நோக்கினார்; புண்ணின் நீரைச் சோதனைக்கு அனுப்பினார்; இரண்டு நாள் கழித்து, "புண்ணில் சூடோமோனாஸ் பற்றியிருக்கிறது" என்றார்.

அன்றிரவு என் தந்தையார் உண்ணவில்லை. "விதைக்குக் கலந்த கையோடுதானே நான் அம்மாவைப் பார்க்க வந்தேன்? நானே கொண்டுவந்து சேர்த்துவிட்டேனா, ஐயா?" என்று என்னைக் கேட்டார். நான் பயில்வது தமிழ். சொல்லிலோ யாப்பிலோ ஐயம் கேட்டிருந்தால் ஏதேனும் கூறியிருப்பேன். இவ்வினாவுக்கு வாய்மூடி நின்றேன். கல்லூரிக்குத் திரும்பியதும் தாவரவியல் ஆசிரியர் ஒருவரை அணுகினேன். அவர் பொறுமையோடு கூறியவற்றையும், அவர் படிக்கத் தந்த நூல்களிற் கண்டவற்றையும் தொகுத்ததே இக்கட்டுரை. தந்தையாரின் வினாவுக்குரிய விடையை உடனே ஒரு சொல்லிற் கூறிவிடலாம். ஆயினும் அவ்வுயிரின் இயல்பையும் அது வாழும் இடங்களையும் அறியாதார்க்கு அவ்விடை வெற்று ஆறுதலாகவே தோன்றும்.

சூடோமோனாஸ் என்பது ஓர் உயிரின் பெயரன்று. ஒரு குடியின் பெயர். உயிர்நூலார் அதனைப் பேரினம் என்பர். அக்குடியில் அடங்கிய சிற்றினங்கள் நூற்றுக்கணக்கானவை. ஜெர்மானிய அறிஞர் வால்டர் மிகுலா என்பார் 1894-ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் 'சூடோ' என்பது பொய்ம்மை. 'மோனாஸ்' என்பது தனித்த ஓர் அலகு. இப்பெயரைத் தேர்ந்த காரணத்தை மிகுலா எழுதிவைத்தாரல்லர். மோனாஸ் என்று வழங்கிய வேறொரு நீந்தும் நுண்ணுயிரின் சாயல் இதற்கு இருந்தமையால் 'போலி மோனாஸ்' என்றார் போலும் எனப் பிற்காலத்தார் கருதினர். பெயரே போலியாயிற்று, பெயரிட்ட வீடும் நெடுங்காலம் பழம்பொருட் கிடங்குபோலவே இருந்தது. கோல் வடிவமும், ஒரு முனையில் வாலிழையும், காற்றை உயிர்க்கும் இயல்பும் உடைய எவ்வுயிரைக் கண்டாலும் அதனுள் எறிந்தனர். மரபணுக் குறிப்புக்களை ஒப்புநோக்கும் வழி பிறந்தபின்னரே கிடங்கு ஒழுங்குபட்டது. 1992-ஆம் ஆண்டில் ஒரு கூட்டம் பிரிந்து பர்க்ஹோல்டேரியா என்னும் தனிக்குடியாயிற்று.

எஞ்சிய குடியின் உருவம் எளியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். இவ்வுயிரின் நீளம் ஒன்றரை முதல் ஐந்து மைக்ரான். பருமன் ஒரு மைக்ரானுக்கு உட்பட்டது. முனையிலுள்ள இழையைச் சுழற்றி நீரில் விரைந்து நீந்தும். இட்டிலி மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் காற்றில்லா இடத்தும் சர்க்கரையைப் புளிக்கச்செய்து காலந்தள்ளும். இதற்கு அவ்வித்தை தெரியாது. உயிர்ப்புக் காற்று வேண்டும். காற்று இல்லாவிடின், இவற்றுட் சில நைட்ரேட் உப்பைக்கொண்டு மூச்சுவிடக் கற்றிருக்கின்றன. உயிர்களை ஓரறிவு முதலாக வகுத்த தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றார். இச்சிற்றுயிரோ, நீரிற் கரைந்துள்ள உணவின் சுவையை உணர்ந்து அத்திசை நோக்கி நீந்துகின்றது. தீங்கு தரும் பொருளை உணர்ந்து விலகுகின்றது. இதற்கு எத்துணை அறிவு உண்டென்று கூறுவது? தமிழ் மாணவனுக்கு எழும் ஐயம் இது. எங்கள் தாவரவியல் ஆசிரியர் நகைத்துவிட்டு மேலே சென்றார்.

பாட்டியாரின் கட்டிற் கண்ட பச்சை நிறமே இக்குடியை முதன்முதல் மருத்துவ உலகுக்குக் காட்டிக்கொடுத்தது. போர்ப்புண்ணுற்றாரின் கட்டுத்துணிகளில் நீலமும் பச்சையும் படிவதைப் படைமருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டிருந்தனர். 1860-ஆம் ஆண்டில் ஃபோர்டோஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் அத்துணிகளிலிருந்து நீலச் சாயத்தைப் பிரித்தெடுத்தார். அச்சாயத்தை உண்டாக்குவது ஓர் உயிர் என்பதை 1882-ஆம் ஆண்டில் கார்ல் ஜெஸ்ஸார் என்னும் பிரெஞ்சு மருந்தாளர் நிறுவினார். அவ்வுயிருக்குச் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்று பெயர். லத்தீன் மொழியில் 'ஏருகோ' என்பது செம்பிற் படியும் பச்சைக் களிம்பு. தமிழிலோ களிம்பு என்னும் ஒரு சொல்லே செம்பின் நோயையும் புண்ணின் மருந்தையும் குறிக்கின்றது. இவ்விருபொருளும் ஒரே கட்டுத்துணியில் வந்து கூடியதை நான் நேரிற் கண்டேன்.

அந்நீலச்சாயம் வெறும் அழகுக்கன்று. பக்கத்திலுள்ள பிற நுண்ணுயிர்களுக்கு அது நஞ்சு. இதனை உணர்ந்த எம்மெரிக், லோவ் என்னும் இரு ஜெர்மானியர் 1899-ஆம் ஆண்டில் இவ்வுயிரை வளர்த்த சாற்றிலிருந்து 'பையோசயனேஸ்' என்றொரு மருந்து செய்து, தொண்டை அடைப்பான் முதலிய நோய்களுக்கு வழங்கினர். ஒருகால் பயன்பட்டது, ஒருகால் பயன்படவில்லை. சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. பெனிசிலின் கண்டறியப்படுதற்கு ஏறக்குறைய முப்பதாண்டு முன்னரே, ஒரு நுண்ணுயிரின் சாற்றால் மற்றொன்றை வெல்ல முயன்றனர் என்பது பலர் அறியாத செய்தி. இக்குடியினின்றே பிறந்த முபிரோசின் என்னும் தோல்மருந்து இன்றும் கடைகளில் விற்கப்படுகின்றது.

இனி இக்குடியின் தலையாய இயல்புக்கு வருவோம். அஃது உண்ணும் திறன். நெதர்லாந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்து ஆராய்ச்சி மரபில் வந்த டென் டூரன் டி யோங் என்பார், ஒரு நுண்ணுயிருக்கு வேறெவ்வுணவும் இல்லாமல் ஒரேயொரு பொருளைமட்டும் கொடுத்தால் அது பிழைக்குமா என்று வரிசையாக ஆராய்ந்து 1926-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிற உயிர்கள் தீண்டாத பொருள்கள் பலவற்றை இக்குடியினர் உண்டு கொழுத்தனர். நாற்பதாண்டு கழித்து, 1966-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஸ்டேனியர், பல்லரோனி, டவுடோராஃப் என்னும் மூவர் இவ்வாராய்ச்சியைப் பெருக்கி, 267 வகைகளை எடுத்து, 146 பொருள்களை ஒவ்வொன்றாய் உணவாக இட்டுப் பார்த்தனர். நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களைத் தனித்தனியே உண்டு வாழ்ந்த ஒரு வகையும் அவற்றுள் இருந்தது. பந்தயத்தில் வென்ற அவ்வீரனையே பின்னர் 1992-இல் வேறு குடிக்கு மாற்றிவிட்டார்கள் என்பது இக்கதையில் வரும் ஒரு வேடிக்கை.

அவை உண்ணுவன யாவை எனின், சர்க்கரையும் புரதமும் மட்டுமல்ல. மரத்தின் கடுஞ்சாறு, கற்பூரம், பெட்ரோலியத்திலுள்ள டொலுவீன், நாப்தலீன் உருண்டை, சில பூச்சிமருந்துகள் ஆகியவையும் இவற்றின் இலைக்கு வருகின்றன. ஒரு காட்டில் ஓர் இலை விழுந்தால், எளிதிற் செரிக்கும் சத்துக்களை வேறு உயிர்கள் முந்திக்கொண்டு உண்டுவிடும். எஞ்சிய கடினப் பொருள்களுக்காகவே இவை பின்னே வருகின்றன; வேதத்தில் ரூத் அம்மையார் அறுவடைக்காரர் விட்டுப்போன கதிர்களைப் பொறுக்கியதுபோல. இவ்வாறு பொறுக்கியுண்டு வாழ்வதற்குப் பல கருவிகள் வேண்டுமன்றோ? 2000-ஆம் ஆண்டில் ஏருஜினோசாவின் மரபணுத்தொகுதி முழுவதையும் படித்தபொழுது அது விளங்கிற்று. மெல்பர்ன் நகரில் 1954-ஆம் ஆண்டில் ஒரு புண்ணிலிருந்து எடுத்த வகை அது. 63 லட்சம் எழுத்துக்கள், 5,570 மரபணுக்கள். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் நுண்ணுயிருக்கு 46 லட்சம் எழுத்துக்களே. அதுகாறும் படிக்கப்பட்ட பாக்டீரியாக்களுள் ஏருஜினோசாவினுடையதே மிகப் பெரிய ஏடு. அவ்வேட்டிற் பெரும்பகுதி, எதை எப்பொழுது உண்பது என்னும் கட்டளைகளும், வேண்டாததை உடலினின்று வெளியே தள்ளும் கருவிகளுமே.

கருவிகளுட் சில முதன்மை ஏட்டில் இல்லை. வட்டமான சிறு சுருள்களில் தனியே எழுதப்பட்டிருக்கின்றன. பிளாஸ்மிடு எனப்படும் அச்சுருள்களை ஓர் உயிர் மற்றோர் உயிருக்குக் கொடுக்கவும் கூடும். வங்கநாட்டிற் பிறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் பயின்று அமெரிக்கா சென்ற ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்பார் இதனைப் பயன்கொண்டார். எண்ணெயின் வெவ்வேறு பகுதிகளைச் சிதைக்கவல்ல சுருள்கள் பலவற்றை ஒரே சூடோமோனாஸின் உடலிற் புகுத்தி, கடலிற் கொட்டிய எண்ணெயைத் தின்னும் உயிரொன்றை ஆக்கி, 1972-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். உயிருள்ளதற்குக் காப்புரிமை உண்டா என்னும் வழக்கு எட்டாண்டு நடந்தது. 1980-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, உண்டு எனத் தீர்ப்பளித்தது. உயிர்த்தொழில் வாணிகம் முழுவதும் அத்தீர்ப்பின்மேல் எழுந்தது என்பர். அவ்வுயிரோ கடலிற் கொட்டிய எண்ணெய்மேல் ஒருநாளும் விடப்படவில்லை. ஆய்வுக்கூடத்துப் பயில்வான் திறந்த கடலில் மற்ற உயிர்களோடு போட்டியிட்டு நிலைப்பது அரிது. 1989-இல் அலாஸ்காக் கரையில் எக்சன் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் பரவியபொழுது, கரையிலேயே இருந்த நுண்ணுயிர்களுக்கு உரமிட்டு வளர்த்தே ஓரளவு பயன்கண்டனர்.

மிகுதியாக உண்பது ஒரு திறன். மிகக் குறைவாக உண்டு பிழைப்பது மற்றொரு திறன். இரண்டாவதுதான் மனிதனுக்கு அச்சந்தருவது. 1951-ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த லோபரி என்னும் மருத்துவர், தீப்புண்ணைக் கழுவுதற்கு வைத்திருந்த செட்ரிமைடு என்னும் கிருமிகொல்லி நீரிலேயே ஏருஜினோசா வாழ்வதைக் கண்டார். புட்டியை மூடிய தக்கை அதற்குப் புகலிடமாயிற்று. கொல்லும் நீரே கொண்டுசெல்லும் நீராயிற்று! 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வேறொன்று கண்டனர். மருத்துவமனைகளிலிருந்து எடுத்த காய்ச்சி வடித்த நீரில் இவ்வுயிர் உயிரோடிருந்ததுமன்றிப் பெருகியும் இருந்தது. ஒரு மில்லிலிட்டரிற் பல லட்சமாக. நாம் ஒன்றுமில்லை என்று கருதும் நீரில் அதற்கு ஒரு விருந்து இருக்கின்றது.

இனி, இதன் இருப்பிடம். நம் அகப்பொருள் இலக்கணம் ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் எனக் கருப்பொருள்களை வகுத்தது. குறிஞ்சிக்குத் தினை, மருதத்துக்கு நெல், நெய்தலுக்கு மீன். உணவு எதுவோ அதனாற் திணை புலப்படும். எதனையும் உணவாகக் கொள்ளும் உயிருக்குத் திணை யாது? இவ்வுயிர்களைத் தேடியவர் மலைமண்ணிலும் வயற்சேற்றிலும் ஆற்றுநீரிலும் கடல்நீரிலும் கண்டனர். இலையின்மேலும் வேரின்மேலும் கண்டனர். விமான எரிநெய்த் தொட்டியின் அடியில் தேங்கும் நீரிலும் கண்டனர். குளிர்ப்பெட்டியில் வைத்த பால் சிலநாளிற் கசந்துபோவதற்கும் இக்குடியைச் சேர்ந்த ஃப்ளோரசென்ஸ் முதலியவை காரணம். பாலைக் காய்ச்சினால் அவை இறந்துபடும். அவை முன்னரே உமிழ்ந்துவிட்ட செரிமானப் பொருள்கள் மட்டும் வெப்பத்துக்குத் தப்பிப் பாலைக் கெடுக்கும்.

குளிர்நாடுகளில் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்பது இலைகளின்மேல் வாழ்கின்றது. இதன் தொழில் விந்தையானது. தூய நீர் சுழிக்குக் கீழே சில பாகை குளிர்ந்தாலும் உடனே உறைவதில்லை. உறைவதற்கு ஒரு தொடக்கம் வேண்டும். சிரிஞ்சேயின் மேற்புறத்திலுள்ள ஒரு புரதம், நீர்த்துளிகளைப் பனிக்கட்டிபோல அணிவகுத்து நிறுத்தி, சுழிக்கு இரண்டு பாகை கீழேயே உறையச் செய்துவிடும். இலை வெடிக்கும், சாறு கசியும், அதனை இவ்வுயிர் உண்ணும். தன் அடுப்பைத் தானே மூட்டிக்கொள்வது என்னலாம், அடுப்புக்குப் பதில் பனியால். அப்புரதத்தின் மரபணுவை நீக்கிய ஒரு வகையை 1987-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெரிச் செடிகள்மேல் தெளித்தனர். மரபணு மாற்றிய உயிரொன்றை அரசின் ஒப்புதலோடு திறந்த வெளியில் விட்டது அதுவே முதன்முறை. எதிர்ப்பாளர் இரவில் வந்து செடிகளைப் பிடுங்கினர் என்பதும் அவ்வரலாற்றில் உண்டு. இதே சிரிஞ்சேயை மேகத்திலும் மழையிலும்கூடக் கண்டெடுத்திருக்கின்றனர். பனிச்சறுக்கு மைதானங்களில் செயற்கைப் பனி பொழிவிப்போர் உயிர்நீத்த சிரிஞ்சேயை நீரிற் கலக்கின்றனர். வயலில் பகைவன், மைதானத்தில் பணியாள்.

ஒரு நிலத்துப் பூவோ புள்ளோ வேறொரு நிலத்திற் காணப்படுமாயின், அதனை வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியதாகவே கருதவேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. இவ்வுயிரை நல்லது எனவோ தீயது எனவோ கூறுமுன் அம்முறையை நினைத்தல் தகும். எந்நிலத்தில் நிற்கின்றது என்பதைக் கேட்டபின்னரே அதன் செயலை மதிப்பிட இயலும்.

என் தந்தையார் கரைத்த பொடிக்கு வருவோம். அது சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ். மாக்கல் பொடியில் கலந்து உலர்த்தப்பட்டது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து பரப்பிய முறைப்படி, ஒரு கிலோ விதைநெல்லுக்குப் பத்துக் கிராம் பொடி. நீரிற் கரைத்து ஓரிரவு ஊறவைத்து, வடித்து, முளைகட்டி விதைக்க வேண்டும். நெல்லின் குலைநோய், இலையுறைக் கருகல், வாழையின் வாடல் நோய் ஆகியவற்றை அடக்குதற்கு இதனை இடுகின்றனர். எங்கள் தாவரவியல் ஆசிரியர் இதனை வளர்த்த கண்ணாடித் தட்டை இருட்டறையில் புறவூதா விளக்கின்கீழ் வைத்துக் காட்டினார். மின்மினிபோன்ற மஞ்சட்பச்சை ஒளி! ஃப்ளோரசென்ஸ் என்னும் பெயர் அவ்வொளியாற் பெற்றது.

ஒளிரும் அப்பொருளுக்குப் பையோவெர்டின் என்று பெயர். அதன் வேலை ஒளிர்வதன்று; இரும்பைப் பற்றுவது. மண்ணில் இரும்பு மிகுதியாக இருந்தும், கரைந்த நிலையில் மிக அரிது. எல்லா உயிருக்கும் அது வேண்டும். இவ்வுயிர் பையோவெர்டினை வலைபோல வெளியே வீசி, இரும்பைப் பற்றி, மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்கின்றது. அருகிலுள்ள நோய்ப்பூஞ்சை இரும்பின்றி வாடுகின்றது. வேர் கசியும் சர்க்கரையை உண்டு, வேரின்மேல் இடம்பிடித்து அமர்ந்துவிடுவதால் பூஞ்சைக்கு நிற்க இடமும் இல்லை. சில வகைகள் பூஞ்சைக்கு நஞ்சான பொருள்களையும் சுரக்கின்றன. இவையன்றி, இவ்வுயிர் வேரைத் தீண்டியதாலேயே செடி விழிப்படைந்து, தன் இலைகளிலும் நோயை எதிர்க்க ஆயத்தமாகின்றது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆண்டுதோறும் கோதுமையே விதைத்த நிலங்களில் வேரழுகல் நோய் முதலில் மிகுந்து, சில ஆண்டுகளிற் பின் தானே தணிந்துபோனது உழவர்களை வியப்பித்தது. அம்மண்ணில் இக்குடியினர் பெருகி நஞ்சு சுரந்து பூஞ்சையை அடக்கியதே காரணம் என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். யாரும் இட்டு வளர்த்தவை அல்ல அவை. உயிருள்ள பொருளாதலின் பொடிக்குக் காலவரை உண்டு. வெயிலில் வைத்த பொட்டலமும் நாட்பட்ட பொட்டலமும் மாக்கல் பொடியே அன்றி வேறில்லை. உழவர்க்கு விற்போர் இதனைச் சொல்லுவதில்லை என்பது என் மனக்குறை.

பாட்டியாரின் காலில் இருந்தது ஏருஜினோசா. இதற்கும் ஃப்ளோரசென்ஸுக்கும் உறவு உண்டு. ஆயினும் வேறுபாடு பெரிது. ஃப்ளோரசென்ஸுக்கு 25 முதல் 30 பாகை வரையுள்ள வெப்பமே இனிது. மனித உடலின் 37 பாகையில் அது சோர்ந்துவிடும். ஏருஜினோசா 42 பாகையிலும் செழிக்கும். நலமுள்ள தோலை அஃது ஊடுருவ வல்லதன்று. குளத்திலும் குழாயிலும் நாம் நாள்தோறும் அதனைத் தொட்டும் நமக்கு ஒன்றும் நேர்வதில்லை. வெந்த தோலோ காவலிழந்த கோட்டை. ஈரமும் சத்தும் வெப்பமும் அங்கே உண்டு. குருதி ஓட்டம் குன்றியிருப்பதால் காவற்படையும் மருந்தும் அங்கே சென்று சேர்வதில்லை. புகுந்தபின் இவ்வுயிர்கள் தனித்து நிற்பதில்லை. ஒன்றோடொன்று வேதிக்குறிப்புக்களால் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, போதிய கூட்டம் சேர்ந்தவுடன் பசைபோன்ற படலத்தைப் போர்த்துக்கொண்டு நஞ்சை உமிழத் தொடங்கும். அப்படலத்துள் மருந்து எளிதிற் புகாது; புகுந்ததும் வெளியே தள்ளப்படும். மரக்கசப்பையும் மண்ணின் நஞ்சுகளையும் வெளியேற்றுதற்கு உதவிய அதே தள்ளுகருவிகள்தாம் மருத்துவர் தந்த மருந்தையும் தள்ளுகின்றன.

எத்துணைக் கடுமையானது இது என்பதற்கு ஓர் அண்மைச் செய்தி போதும். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற கண்ணீர்ச் சொட்டுமருந்தோடு தொடர்புடையதாகக் கண்ட ஏருஜினோசாத் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைப் பற்றியது. நால்வர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர். ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எதிர்த்து நின்ற வகை அது. கார்பபெனெம் என்னும் வலிய மருந்துக்கும் அடங்காத ஏருஜினோசாவை உலக நலவாழ்வு நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் மிக இன்றியமையாத ஆபத்துக்களின் வரிசையிலேயே வைத்தது. 2024-இல் அதற்கு அடுத்த படியில் வைத்திருக்கின்றது.

பாட்டியார்க்கு வந்தது அத்துணைக் கொடியதன்று. காடியை நீர்த்து நனைத்த துணியால் புண்ணைக் கழுவினர். இவ்வுயிர் புளிப்புக்கு அஞ்சும். பிறகு வெள்ளிச்சத்துக் கலந்த வெண்களிம்பு பூசினர். 1968-ஆம் ஆண்டில் சார்லஸ் ஃபாக்ஸ் என்னும் அமெரிக்கர் தீப்புண்ணில் இவ்வுயிரை அடக்குதற்கென்றே ஆக்கிய மருந்து அது. மூன்று வாரத்தில் பச்சை மறைந்து செந்தசை தோன்றிற்று.

அவருடைய புண்ணில் அது எங்கிருந்து வந்தது என்பதை யாரும் உறுதியாகக் கூற இயலாது. குழாய், கழுவுதொட்டி, ஈரத்துணி, அவருடைய குடல், வீட்டில் முதலில் ஊற்றிய தண்ணீர், எதுவாகவும் இருக்கலாம். தந்தையாரின் பொடியாக மட்டும் இருக்க இயலாது. அப்பொடியில் இருந்தது வேறு சிற்றினம். இவ்விடையை நான் முழு உறுதியோடு அவருக்குக் கூறினேன். அதனோடு, ஃப்ளோரசென்ஸும் முற்றும் தீங்கற்றதன்று என்பதையும் மறைக்கவில்லை. 2004-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில், மாசுபட்ட மருந்துநீரை நேரே குருதிக்குழாயில் ஏற்றியதால், அதுவும் நோயாளர் பலருக்குக் காய்ச்சல் உண்டாக்கியிருக்கின்றது. தோலைக் கடந்து உள்ளே செலுத்திவிட்டால் சாதுவும் சாதுவாயிராது.

கேட்டு முடித்தபின் தந்தையார் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் பெயர்தான் ஒன்று" என்றார். இவ்வாண்டும் பிசானத்துக்கு விதை ஊறவைத்தார். பொடியைக் கரைக்குமுன் கையில் கீறல் உண்டா என்று பார்த்துக்கொண்டார். கரைத்தபின் சவுக்காரமிட்டு இருமுறை கைகழுவினார். பாட்டியார் திண்ணையில் காலை நீட்டி அமர்ந்து, தழும்பின்மேல் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, போன ஆண்டைவிடப் பொடி குறைவாகப் போட்டாயோ என்று மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.